லாங்-ஆன் சாமி

நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, வாயில மிச்சம் இருக்கற நாலு பல்லும் இப்பவே கீழ விழட்டும்.

பாருங்க, விழல. அப்ப நெசம்தான்.

"சாமி, எப்டிதான் ஒவ்வொரு வாட்டியும் என்னைப் புடிக்கற?"

கேட்டவன் காசிமேட்டு தேசப்பன். பேட்டைத் தூக்கினான்னா கிரவுண்டுக்கு வெளிய நிக்கற ஸ்கூட்டரையெல்லாம் ஜனங்க தள்ளி நிறுத்துவாங்க. அப்டி ஒரு அடி.

சாமின்றது கோதண்டம். எதிர் டீமு. பேங்க்ல கிளார்க்கு. பவுலிங் தெரியாது, பேட்டிங்ல கடைசி ஆளு. பவுலருக்குப் பின்னாடி தூரத்துல, பவுண்டரி கயித்தாண்ட, லாங்-ஆன்ல நிப்பான். பாக்கெட்ல வேர்க்கடலை. அசையவே மாட்டான். அதான் சாமி.

தேசப்பன் தொண்ணூத்தி நாலு அடிப்பான், தொண்ணூத்தஞ்சு அடிப்பான். ஒரே சிக்ஸ்ல நூறைத் தொடலாம்னு தூக்குவான். பந்து நேரா சாமி கையில போய் உக்காரும்.

ஒம்போது வாட்டி.

மறுநாள் ஞாயித்துக்கிழமை அதே ரெண்டு டீமுக்கும் லீக் மேட்ச். ஸ்டேட் டீமுக்கு ஆளு எடுக்க ரெண்டு செலக்டருங்க வராங்க. தேசப்பனுக்கு வயசு முப்பத்திமூணு. போன வருஷமே அந்த டீம்லேர்ந்து கழட்டி வுட்டாச்சு. இந்த வாட்டியும் வுட்டா, அந்தப் பேட்டைத் துடுப்பா வச்சுக்கினு படகு தள்ள வேண்டியதுதான்.

"நாளைக்கு மட்டும் கேட்ச வுட்ரு சாமி."

"வந்தா புடிப்பேன்."

"அப்ப அவுட்டாவாம இருக்க ஒரு வழி சொல்லு."

கோதண்டம் கடலைத் தோலை ஊதினான். அவன் டீம் ஆளுங்க பிராக்டீஸ் பண்ணிக்கினு இருந்தாங்க. லாங்-ஆனைக் கை காட்டினான்.

"நில்லு."

தேசப்பன் நின்னான். ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். ஒரு பந்து வரல. மண்டை காஞ்சுது.

"சாமி, இன்னா தண்டனையா?"

"நில்லு."

மூணாவது மணி நேரத்துல ஒருத்தன் பேட்டைத் தட்டினான். தலையைத் தூக்கி, லாங்-ஆன்ல நிக்கற தேசப்பனை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த பந்தைத் தூக்கினான்.

தேசப்பன் நகரவே இல்ல. பந்து கையில வந்து வுழுந்துது.

"சாமி! இவன் என்னைப் பாத்துட்டு இல்ல அடிச்சான்!"

கோதண்டம் கடலை நீட்டினான்.

"நானும் பாப்பனா?"

"ஒம்போது வாட்டி."

ஞாயித்துக்கிழமை. தேசப்பன் குனிஞ்ச தலை நிமிரல. பொண்ணு பாக்கற வீட்ல பொண்ணு உக்காந்த மாதிரி. பந்தைத் தரையோட தட்டினான், ஓடினான். தட்டினான், ஓடினான். டீ பிரேக்ல நூத்தி ரெண்டு. நாட் அவுட்.

ஒரு சிக்ஸ் இல்ல.

செலக்டருங்க எழுந்து பேன்ட்டைத் தட்டினாங்க. அதுல ஒருத்தரு கேட்டாரு: "யாரோ அடி பின்னுவான்னு சொன்னீங்களே, அந்த ஆளு இன்னிக்கு வரலியா?"

கார் கிளம்பிப் போயிடுச்சு.

தேசப்பன் கால்ல கட்டின பேடைக் கூட அவுக்காம கோதண்டத்தாண்ட ஓடினான்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டியே சாமி!"

"அவுட்டானியா?"

"இல்ல."

"அதானே கேட்ட?"

"அடிக்காதன்னு சொல்லி என்னைக் கெடுத்துட்டியே!"

"அடிக்காதன்னு நான் எப்ப சொன்னேன்?"

தேசப்பன் யோசிச்சான்.

"பாக்காதன்னு சொன்ன."

"அதுவும் சொல்லல. நில்லுன்னேன்."

சொல்லிட்டு கோதண்டம் டீயைக் குடிச்சுட்டு லாங்-ஆனுக்கு நடந்துட்டான்.

பிரேக் முடிஞ்சுது. பாக்கறதுக்கு ஆளே இல்ல. பெஞ்சுல ஒரு நாயி, அதுவும் தூங்குது. பவுலர் வந்து போட்டான்.

தேசப்பன் கண்ணு பந்து மேலயே இருந்துது. பந்து பேட்டுக்கு வந்துது. அப்புறம் ஒரு சத்தம், நாயி எழுந்து ஓடிடுச்சு.

கோதண்டம் அண்ணாந்து பார்த்தான். கையைத் தூக்கினான். கையை எறக்கினான். அப்புறம், லாங்-ஆன்ல நின்ன பதினோரு வருஷத்துல மொதல் வாட்டியா, சாமி திரும்பி தன் முதுகுக்குப் பின்னாடி பார்த்தாரு.

பந்தைக் காணோம்.

"யோவ் தேசப்பா! எங்கய்யா போச்சு?"

பிட்ச்சுல குனிஞ்சபடியே நின்னவன் கத்தினான்: "எனக்கு எப்டி சாமி தெரியும்? நான் பாக்கவே இல்லியே!"

சொல்லிட்டு சிரிச்சான் பாருங்க, அப்டி ஒரு சிரிப்பு.

கிரவுண்டு செவுத்துக்கு அந்தாண்ட ஓடுற சாக்கடைக் கால்வாய்ல எறங்கி, இடுப்பளவு தண்ணியில அந்தப் பந்தைத் தேடி எடுத்தவன் நான்தான். இன்னும் நாறுதுன்னு வூட்ல திட்றாங்க. அதனால கதை கேட்டவங்க எழுந்து போறதுக்கு முன்னாடி: கதைக்கு ஒரு டீ, கால்வாய்க்கு ரெண்டு சமோசா. சமோசா சூடா இருக்கணும்.