கொம்பிக்குப் பிடிக்காத பெயர்

ஒரு காட்டின் ஓரத்தில் சிலம்பாயி என்ற பெண் பத்து ஆடுகளை மேய்த்து வாழ்ந்தாள். அவளிடம் கருவண்டு என்றொரு நாய் இருந்தது. பொழுது சாய்ந்தால் அவள், "கருவண்டு, ஓட்டிட்டு வாடா" என்று குரல் கொடுப்பாள். அது ஆடுகளை வளைத்துப் பட்டியில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒருநாள் பாம்பு கடித்துக் கருவண்டு செத்துப்போனது. சிலம்பாயி அதைப் பட்டிக்குப் பின்னால் புதைத்தாள். அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாயின் தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மாலையானால் பழக்கம் விடாமல் அதே பெயரைத்தான் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஆடுகள் தாமாகவே பட்டிக்கு வந்தன.

கொம்பி என்ற வெள்ளாட்டுக்கு இது பொறுக்கவில்லை.

"பால் கொடுப்பது நான். குட்டி போடுவதும் நான். அந்த நாய் என்ன கொடுத்தது? குரைத்தது, அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது அவள் மடி அதற்கு, சரி, போகட்டும். செத்த பிறகும் அதன் பெயர்தானா? எனக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டது.

பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த சோம்பேறிக் கிடா, "யார் பெயரைச் சொன்னால் என்ன? கூப்பிட்டால் போவோம், படுப்போம்" என்றது.

"உனக்கு ரோஷம் இல்லை. எனக்கு இருக்கிறது. என் பெயரைச் சொல்லும்வரை நான் வரமாட்டேன்."

கொம்பி கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது, இல்லையா குழந்தைகளே? கொம்பியும் அப்படித்தான் நம்பியது.

அன்று மாலை அது தனியாகப் போய் ஓடையோரப் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டது. மறுகரையில் ஒரு நரி இருந்தது. கருவண்டின் கடியில் பாதி வாலை இழந்த நாளிலிருந்து, அந்த நரி ஓடையைத் தாண்டியதே இல்லை.

"என்ன அக்கா, முகமே சரியில்லை?" என்று அங்கிருந்தபடியே கேட்டது.

கொம்பி தன் குறையைச் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் சிலம்பாயியின் குரல் வந்தது. "கருவண்டு..."

நரி சட்டென்று இரண்டடி பின்வாங்கியது.

கொம்பிக்கு வயிறு எரிந்தது. "நீயுமா அதற்கு மரியாதை கொடுக்கிறாய்? அது செத்து ஒரு மாதம் ஆகிறது. அவள் வெறும் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்."

நரியின் காது நிமிர்ந்தது. "செத்துவிட்டதா? தினமும் கூப்பிடுகிறாளே அக்கா?"

"நான் பொய்யா சொல்கிறேன்? வா, புதைத்த இடத்தையே காட்டுகிறேன்."

"எதற்கு அந்தச் சிரமம்? நீங்கள் சொன்னால் போதாதா?" என்றபடி நரி ஓடையில் இறங்கியது.

பட்டிக்கு ஒன்பது ஆடுகள்தான் வந்தன. சிலம்பாயி சுற்றிலும் தேடினாள். யாரிடம் சொல்வதென்று தெரியாமல், தெரிந்த பெயரையே சொன்னாள்.

"கருவண்டு, நம்ம கொம்பியைக் காணோமேடா. எங்க இருந்தாலும் கூட்டிட்டு வா."

அவள் தன் பெயரைச் சொன்னது கொம்பியின் காதில் விழுந்தது. பதில் கொடுக்கத்தான் முடியவில்லை. அதன் தொண்டை நரியின் வாயில் இருந்தது.

நீதி: இறந்தவர் மீது பொறாமை கொண்டால், நம்மைக் காக்கும் அன்பையே காட்டிக்கொடுத்துவிடுவோம்.