உசரத் தாண்டுன கொள்ளு

ஒரு ஊர்ல ஒரு குட்டி ஜமீன் இருந்துச்சாம். குட்டின்னா எம்புட்டுக் குட்டி தெரியுமா? ஜமீன்தார் இந்தக் கோடியில நின்னு ‘அச்சு’ன்னு தும்முனா, அந்தக் கோடியில களையெடுக்கிறவ ‘நூறாயுசு’ம்பா. அம்புட்டுத்தான் ஜமீன். பேரு முக்குடை. ஜமீன்தார் பேரு செவந்திலிங்க ராசா. ம் கொட்டு கண்ணு, பெரியம்மா பாட்டுக்குச் சுவத்துகிட்டயா சொல்லிட்டு இருக்கிறது? ஆங், அப்படி.

அந்த ராசாகிட்ட ஒரு மட்டக்குதிரை. பேரு கொள்ளு. அது பொறந்த அன்னைக்கே தாய்க்குதிரை செத்துப்போச்சு. லாயத்துல வேலை பார்த்த ஒச்சம்மாதான் ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு, சப்பச் சப்பக் குடுத்து அத வளர்த்தா. அவ நடந்தா அதுவும் நடக்கும். அவ நின்னா, அவ முந்தானைய மென்னுக்கிட்டு நிக்கும்.

அப்புறம் கொள்ளுக்கு மூணு வயசாச்சு. ராசா ஏறி உக்காந்தாரு. எதுக்கு? ஊர்த் தோட்டமெல்லாம் சுத்திப் பாக்க. தோட்டத்துக்கெல்லாம் இடுப்பளவு முள்வேலி. வேலிக்குப் பக்கத்துலயே தொறந்து போக ஒரு படல் இருக்கும். ஆனா ராசா படலைத் தொறந்துட்டுப் போவாரா? கௌரவம் என்னாகும்? தாண்டித்தான் போவாரு.

கொள்ளு ஓடுச்சு, தடக் தடக் தடக் தடக். வேலிகிட்ட வந்துச்சு. அப்போ எவ்வுச்சு பாரு ஒரு எவ்வு, ஒரே பாய்ச்சல்! இடுப்பளவு வேலிக்குப் பனைமர உசரம்! ஓலையில கூடு கட்டுன குருவி, ‘யாருடாது நம்ம வாசல்ல’ன்னு எட்டிப் பாத்துச்சாம். குதிரை ஒரு பக்கம் எறங்குச்சு, ராசா ஒரு பக்கம் எறங்குனாரு. எங்க? கத்தரிப் பாத்தியில. பொத்துன்னு.

அடுத்த வேலி, மறுபடி எவ்வு. குட்டையில, தொபுக்கடீர். மூணாவது வேலி. எருக்குழியில, சதக்.

கூட வந்தவங்க சிரிச்சாங்களா? மூச்! மணியக்காரர் கைய கட்டிக்கிட்டு, "ஆகா, ராசா எருக்குழியில எழுந்தருளுன அழகே அழகு"ன்னாரு. அரண்மனைப் புலவர் ஒருத்தர், ஒல்லியா, எப்பவும் பசியோட இருப்பாரு. அவர் அங்கயே நின்னு ஒரு பாட்டுக் கட்டிட்டாரு. "விண்ணை அளந்தான், மண்ணைத் தொட்டான்"னு. தொட்டது மண்ணில்ல, அது வேற விஷயம்.

ராசாவுக்கு இடுப்பு வலி. அதோட ஆவணித் திருவிழாவுக்குப் பக்கத்து ஜமீன்தார் வேற வாராரு. அவர் முன்னால விழுந்தா மானம் போயிருமே. "இந்தக் குதிரைய அளவாத் தாண்ட வைக்கணும். யாருக்கு வழி தெரியும்?"னு கேட்டாரு.

மொதல்ல மணியக்காரர் வந்தாரு. "கனம் இல்லாததாலதான் பறக்குது"ன்னு நாலு கால்லயும் மணல் மூட்டையக் கட்டுனாரு. கொள்ளு ஒரு எட்டு வச்சுச்சு, ரெண்டு எட்டு வச்சுச்சு, அப்படியே மணல் மேல உக்காந்து கண்ண மூடிருச்சு. "பாத்தீங்களா, இப்ப உசரத் தாண்டல"ன்னாரு மணியக்காரர்.

அப்புறம் சோசியர் வந்தாரு. "உச்சத்துல சனி. எலுமிச்ச மால போடணும்"னாரு. போட்டாங்க. கொள்ளு மாலையத் தின்னுச்சு. புளிப்புல ஒரு எவ்வு எவ்வுச்சு பாரு, குருவி கூட்டையே மாத்திருச்சு!

மூணாவதா தளவாய் வந்தாரு. அவர்தான் பெரிய அறிவாளி. "குதிரை மேல குத்தமே இல்ல. வேலிதான் தணிவா இருக்கு. வேலிய ஒசத்திட்டா, தாண்டுறது அளவாயிரும்"னாரு. எல்லாரும் அசந்துட்டாங்க. ஊரு வேலியையெல்லாம் கம்பு நட்டு, கம்பு மேல ஏத்திக் கட்டுனாங்க. மேல வேலி, கீழ காத்து. ஆடெல்லாம் பாத்துச்சு. "மே"ன்னு அடியில பூந்து, கத்தரி, வெண்டை, கீரை எல்லாத்தையும் மொட்டையடிச்சிருச்சு. கொள்ளு? அந்த வேலியையும் பாத்துச்சு, அதுக்கு மேல ஒரு பனை உசரம் தாண்டுச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ ராசாவுக்கு வந்துச்சே கோவம். "விடிஞ்சதும் இத சுண்ணாம்புக் காளவாய்க்கு ஓட்டிருங்க, கல்லு சுமக்கட்டும்"னுட்டாரு. காளவாய்க்குப் போன குதிரை ரெண்டு வருசம் தாங்காது. ஒச்சம்மா ஓடி வந்து ராசா கால்ல விழுந்தா.

"சாமி, எனக்கு எட்டு நாள் குடுங்க."

"படிச்சவங்களாலயே முடியல, நீ என்ன பண்ணுவ?"

"எல்லாரும் வேலியப் பாத்தாங்க, ஆகாசத்தப் பாத்தாங்க. நான் அது காலப் பாக்குறேன் சாமி."

சரின்னு விட்டாரு. ஒச்சம்மா கொள்ளுவோட கால ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தா. பின்னங்கால்ல, முடிக்குள்ள, ஒரு தழும்பு. தடவுனா கால வெடுக்குன்னு இழுக்குது. அவளுக்கு நெனப்பு வந்துச்சு. குட்டியா இருக்கையில அது வேலியில மாட்டி, கருவேல முள்ளு ஏறி, சீழ் வச்சு, மூணு வாரம் அவ மடியில கெடந்த கெடை. "அட என் தங்கமே, முள்ளுக்குப் பயந்துதானா இந்தப் பறப்புப் பறக்குற"ன்னு அதுங் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா.

மறுநாள் வைக்கோலக் கயிறாட்டம் முறுக்கி, அந்தப் பிரியத் தரையில போட்டா. அவ்வளவுதான் வேலி. கொள்ளு வந்துச்சு, பாத்துச்சு, எவ்விருச்சு பனை உசரம். கயித்தப் பிடிச்சிருந்த ஒச்சம்மா குப்புற விழுந்து முட்டியெல்லாம் தேஞ்சுபோச்சு. மறுநாளும் அதே கதை. மூணாம் நாள் அவளால எந்திரிக்கவே முடியல. அப்படியே மண்ணுல கெடந்தா. கொள்ளு மெதுவா வந்து பிரியில கால வச்சு நின்னு, அவ தலைய மோந்துச்சு. பிரி குத்தல. அவ மூச்சக்கூட விடாமக் கெடந்தா. அது இன்னொரு கால வச்சுச்சு. அப்பவும் குத்தல.

அப்புறம் முள்ளே இல்லாம ஆவாரங்கொப்புல ஒரு வேலி கட்டுனா. முழங்கால் உசரம், அப்புறம் தொடை உசரம், அப்புறம் இடுப்பளவு. கொள்ளு காலுல எல தடவும், சரசரன்னு. காத வெடைச்சுக்கும். ஒண்ணும் ஆகல. எட்டாம் நாளு, வேலிக்கு மேல ஒரு சாண், அவ்வளவுதான் எவ்வுச்சு. தடக்குன்னு எறங்கி, வந்து முந்தானைய மெல்ல ஆரம்பிச்சிருச்சு.

ஊரு வேலியையெல்லாம் பழையபடி எறக்கிக் கட்டுனாங்க, திருவிழா வந்துச்சு. ஊரே கூடிருச்சு. ராசா ஏறுனாரு. மொத வேலி, ஒரு சாண். ரெண்டாவது, ஒரு சாண். மூணாவது, ஒரு சாண். ராசா விழவே இல்ல. தலப்பாகூட அசையல!

ஆனா ஒருத்தரும் கை தட்டல. அவங்க வந்ததே ராசா எங்க விழுவாருன்னு பாக்கத்தானே? பக்கத்து ஜமீன்தார் கொட்டாவி விட்டுட்டு, "இம்புட்டுத்தானா? எங்க வீட்டு ஆடு தாண்டுமே"ன்னாரு.

ராசா முகம் சுருங்கிப்போச்சு. ஒச்சம்மாவக் கூப்பிட்டு, "நாளைக்குப் பழையபடி உசரத் தாண்டணும்"னாரு.

"முடியாது சாமி."

அவ சொன்னா, "அது பயத்துல தாண்டுச்சு. நீங்கல்லாம் வீரம்னு நெனச்சீங்க. போன பயத்த என் கையால திருப்பிக் குடுக்க மாட்டேன்."

"அப்ப இந்தக் கழுதையயும் ஓட்டிக்கிட்டு என் கண்ணு முன்னால நிக்காமப் போ!"

கழுதைன்னா கழுதை. ஒச்சம்மாவுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? கொள்ளுவப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

ராசா பக்கத்து ஜமீன்லருந்து ஒரு பெரிய குதிரைய வாங்குனாரு. நல்லா உசரத் தாண்டுமாம். தாண்டுச்சு. குதிரை எறங்கிருச்சு, ராசா எறங்கல. புளியமரத்து உச்சிக் கொப்புல வேட்டி மாட்டித் தொங்குறாரு. கீழ மணியக்காரர் கும்பிடுறாரு, "எம்புட்டு ஒசந்த எடம் நம்ம ராசாவுக்கு!" புலவர் கண்ண மூடிப் பாடுறாரு. ஒருத்தனும் ஏணி கொண்டாரல. ஏணி கொண்டாந்தா, ராசா எறங்கணும்னு சொன்ன மாதிரி ஆயிருமே?

பொழுது சாயுது. ராசாவுக்குப் பசி. அந்தப் பக்கமா ஒச்சம்மா கொள்ளு மேல புல்லுக்கட்டு ஏத்திட்டு வாரா. ராசா மெல்லமா, "ஒச்சம்மா... ஏணி இருக்கா தாயி?"ன்னாரு.

அவ போயி ஏணி கொண்டாந்து சாத்துனா. "கால வைங்க சாமி. அடுத்த கால். பயப்படாதீங்க, அடுத்தது." குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லி எறக்குனா. புல்லுக்கட்ட எறக்கி வச்சுட்டு, ராசாவக் கொள்ளு மேல ஏத்துனா. வழியில ஒரு வேலி. ராசா கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு. கொள்ளு ஒரு சாண் தாண்டி, பூப்போல எறங்குச்சு. ராசா அது கழுத்தத் தடவிக் குடுத்தாரு.

மணியக்காரரும் புலவரும் இன்னும் அந்தப் புளியமரத்தடியிலதான் நிக்கிறாங்களாம், கண்ண மூடிக்கிட்டு, வெறுங் கொப்பக் கும்பிட்டுப் பாடிக்கிட்டு.

அவங்க பாடட்டும், நமக்கென்ன? கதை லாயத்துக்குப் போயிருச்சு கண்ணு, நீயும் போர்வைக்குள்ள போ.