கழற்றிப் போட்ட பட்டைகள்

நாமக்கல் பட்டறையில் குரு செங்கமலத்துக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் வீரபத்திரனுக்கு ஐம்பத்தாறு. பஸ் டிப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், வண்டிகளுக்கு அடியில் எடை தாங்கும் காற்றுப்பை பொருத்தும் வேலையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்திருந்தார்.

அன்று அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அஞ்சு மணிக்கு சகாயம் வந்துருவாரு. வாக்குக் குடுத்திருக்கேன். வண்டிச் சாவியைக் குடு அம்மணி."

"தர மாட்டேன்."

சகாயம் சக்கர நாற்காலியில் வாழ்பவர். நாற்காலியோடு ஏறுவதற்காகத் தன் பிக்கப் வண்டியைத் தாழ்த்தி வைத்திருந்தார். தாழ்த்திய பிறகு பின்பக்கத்தில் வில்லாக வளைந்து எடை தாங்கும் இரும்புப் பட்டைகளுக்கு அசைய இடமில்லை. ஒவ்வொரு பள்ளமும் அவர் முதுகில் இறங்கியது. வீரபத்திரன் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப்பைகளை வைத்தார். சக்கர அச்சு முன்னும் பின்னும் நகராதிருக்க இரண்டு கம்பிகளும் கொடுத்தார்.

"என்ன குறை கண்டே? பதினோரு நாள் வண்டிக்கு அடியில கிடந்தேன். பைபாஸ்ல ஓட்டினேன். டம்ளர் தண்ணி தளும்பலை."

"பைபாஸ் நேர் ரோடுங்கண்ணா. நாளன்னிக்கு அவர் மகளுக்குக் கொல்லிமலையில நிச்சயம். எழுபது கொண்டை ஊசி வளைவு."

"இருக்கட்டுமே! வளைவுக்குப் பயந்தா வேலை செய்வாங்க?"

செங்கமலம் சுவரோரம் கிடந்த பட்டைகளைக் காட்டினாள்.

"அதுங்க என்ன வேலை செஞ்சுதுங்க?"

"அந்த மனுஷன் முதுகை உடைச்சுது."

"வேற?"

"எடை தாங்குச்சு. இப்ப காத்து தாங்குது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை! நான் பஸ்ஸைப் பிரிச்சு மாட்டறப்ப நீ பால்வாடியில இருந்தே."

"அங்கயும் இதே மாதிரி கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

ஆபீஸ் அறையிலிருந்து உருளை நாற்காலியைக் கொண்டுவந்து வண்டியின் பின்தட்டில் ஏற்றி வைத்தாள்.

"ஏறி உட்காருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். செங்கமலம் வண்டியின் பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளினாள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மேல்பாகம் மட்டும் பக்கவாட்டில் நாலு விரல் அகலம் விலகிப்போனது. அவள் விட்டதும் வெடுக்கென்று திரும்பியது. நாற்காலி உருண்டது. அவருடைய முழங்கால் பலகையில் மோதியது.

"யாரு தள்ளுனது?" என்று கத்தினார்.

"நான்தானுங்க. நாப்பத்தெட்டு கிலோ."

வீரபத்திரன் இறங்கினார். குனிந்து அச்சைப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய்ப் பட்டைகளின் முன்னால் நின்றார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சகாயத்தின் மனைவி இறங்கும்போதே கேட்டாள்.

"ஆயிடுச்சுங்களா?"

வீரபத்திரன் செங்கமலத்தைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம்ங்க" என்றார்.

"அஞ்சு மணின்னு சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணினேங்க."

ஆட்டோவுக்குள்ளிருந்து சகாயம் குரல் கொடுத்தார்.

"போகட்டும் விடு. அம்மணி, அந்தப் பாழாப்போன பட்டையை மொதல்ல எடைக்குப் போடுங்க!"

"போட்டுரலாங்க" என்றாள் செங்கமலம். "அது செஞ்சிட்டிருந்த இன்னொரு வேலைக்கு இப்பத்தான் ஆள் தேடறோம்."

பக்கவாட்டு ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த ஒரு குறுக்குக் கம்பிக்கு அளவெடுக்க, வீரபத்திரன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.