பாட்டறை வாசலில் வேலைநிறுத்தம்

அடைக்கலத்தின் ஆசான் அவரைவிட வயதில் இளையவர். பெயர் கனகமணி. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் பாட்டுக் குழுவை நடத்திய பெண். மூட்டை தூக்கித் தோள் காய்த்துப் போன அடைக்கலத்தையும் மற்ற ஆட்களையும் வரிசையில் நிறுத்தி, சுருதி என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவர். அந்த நாளிலிருந்து அடைக்கலம் அவரை "ஆசானே" என்பார். அவர் அடைக்கலத்தை "அண்ணே" என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

பிறகு சங்கம் உடைந்தது. தலைவர்கள் வாரியப் பதவிகளுக்குப் போனார்கள். கொடி பிடித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பாட்டுப் பழகிய சங்க மன்றத்துக்குப் பூட்டு விழுந்தது. விலை போகாமல் மிஞ்சிய சிலர் ஞாயிறு காலைகளில் அடைக்கலத்தின் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்டார்கள். இதையாவது எவனாலும் பிடுங்க முடியாது என்று அடைக்கலத்துக்கு ஒரு பெருமை.

அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கரகரக்கும் பழைய ரேடியோ போதுமா? ஓய்வுக் காலப் பணம் வந்ததும் ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கினார். எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் ஜமுக்காளம் அடித்தார். இரண்டு பக்கத்து ஒலியும் சமமாக வந்து சேரும் இடம் இதுதான் என்று தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் ஒரு நாற்காலியை வைத்தார். அதில் அவரே உட்கார்ந்தார். இரைகிறது என்று மின்விசிறியை நிறுத்தினார். பல்லவி முடிவதற்குள் எழுந்து போய் ஒயரை மாற்றினார். பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

தூத்துக்குடி வெயிலில், ஜமுக்காளம் போர்த்திய அறையில், வந்தவர்கள் ஒரே பல்லவியை மதியம் வரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வாரா வாரம் ஆள் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியில் கனகமணி மட்டும் மிஞ்சியிருந்தார்.

"ஆசானே, ஒரு சந்தேகம். குறையே இல்லாத ஒலி எப்பத்தான் கிடைக்கும்?"

கனகமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் சொல்லுதேன் அண்ணே."

அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். வராமல் நின்றுபோனவர்களும் வந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. இரும்புக் கேட்டுக்கு வெளியே தெருவோரம் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் கனகமணி.

"உள்ள வாங்க வே. எல்லாம் தயாரா இருக்கு" என்றார் அடைக்கலம்.

"வர மாட்டோம். வேலைநிறுத்தம்" என்றார் லூர்து. கிரேன் ஓட்டியவர்.

"யாரை எதிர்த்து?"

"நிர்வாகத்தை எதிர்த்து."

"எந்த நிர்வாகம்?"

லூர்து அவரை மேலும் கீழும் பார்த்தார். அடைக்கலம் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

"சரி, கோரிக்கையச் சொல்லும்."

"ஃபேன் ஓடணும்" என்றார் பக்கத்தில் இருந்த கூடலிங்கம். "போட்ட பாட்டு கடைசி வரைக்கும் ஓடணும். கூடச் சேர்ந்து முணுமுணுத்தா முறைக்கக் கூடாது."

"ஃபேன் ஓடினா வீணையோட நுணுக்கம் காதுல விழாது வே."

"இப்ப மட்டும் விழுதாக்கும். காதுக்குள்ள வேர்வைல்லா ஓடுது."

அடைக்கலம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"உங்கள்ல ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க. பேசித் தீர்த்துக்கிடலாம்."

வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அப்படிக் கூப்பிட்டால் அசையக் கூடாது என்று சங்க நாட்களில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அடைக்கலம்தான்.

"நாற்காலியில வாரம் ஒருத்தர் உக்காருங்க. மொத வாரம் லூர்து."

லூர்து பாதி எழுந்துவிட்டார். கூடலிங்கம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும் வே. பிரிக்கப் பாக்காரு."

அடைக்கலத்தின் மனைவி ரோசம்மாள் தட்டில் தேநீரோடு வந்தாள். நேராகக் கேட்டைத் திறந்து வெளியே போய் எல்லோருக்கும் கொடுத்தாள். சாக்கின் ஓரத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"நீ எந்தப் பக்கம்?"

"எனக்கும் கோரிக்கை இருக்கு. ஞாயித்துக்கிழமை என் குக்கர் விசில் அடிக்கணும்."

அடைக்கலம் உள்ளே போனார். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். வட்டத்துக்குள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இருமல் இல்லை. விசிறி இல்லை. விசில் இல்லை. ஒலி துடைத்து வைத்ததுபோல் வந்தது. அடுத்த வரிக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை மாதம் தேடியது அதுதான்.

"கேட்டீரா வே" என்று திரும்பினார். சுவரில் ஜமுக்காளம் தொங்கியது.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். கம்பிக்கு அப்பால் கேட். கேட்டுக்கு அப்பால் அவர்கள். வேலைநிறுத்தம் என்றால், மழையிலும் தடியடியிலும் அவர் உட்கார்ந்திருந்த இடம் எப்போதும் அந்தப் பக்கம்தான். கேட்டுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்ததாக அவர் வாழ்க்கையில் ஒரு நாள்கூட இல்லை. பதவி காட்டிக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வழக்குப் போட்டு மிரட்டினார்கள், போகவில்லை. எந்த முதலாளியாலும் உள்ளே இழுக்க முடியாத ஆளை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டன.

பாட்டை நிறுத்தாமல் வெளியே வந்தார். வாசல் கதவையும் கேட்டையும் அகலத் திறந்து வைத்தார். வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. கூடலிங்கம் கொஞ்சம் நகர்ந்து சாக்கில் இடம் கொடுத்தார்.

"நான் ஒண்ணும் தோத்து வரல" என்றார் அடைக்கலம். "நிர்வாகத்த விட்டு விலகி வந்திருக்கேன்."

"தெரியும் வே. டீயக் குடியும்."

தண்ணீர் லாரி ஒன்று போனது. மீன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே மொபெட்டில் போனார். பையன்கள் பந்துக்குச் சண்டை போட்டார்கள். இவற்றுக்கு இடையில் பாட்டு துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. லூர்து கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். ரோசம்மாள் தலையை ஆட்டினாள். அடைக்கலத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஒலியைக் கூட்டலாமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிப் பாட்டு தெருவோட போயிருது ஆசானே. இத எப்படிக் கேக்க?"

கனகமணி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அந்தப் பாதிய நீங்க பாடுங்கண்ணே."