வயர்கள் வாய் மூடிய மத்தியானம்

“‘இருபது வருஷமா இந்த வீட்டுக்கு உழைச்சவன் நான், நேத்து வந்தவ என்னைப் பார்த்துத் தலை பெருசுன்னு சொல்லிட்டா!’ இதானே? காலையிலேர்ந்து இதையேதானே பாடிக்கிட்டிருக்கே? காது புளிச்சுப்போச்சு எனக்கு” என்றாள் பிரபாவதி, கையில் ஜல்லிக் கரண்டியோடு.

“சொன்னாளா இல்லையான்னு அவளையே கேளுங்கம்மா” என்றது பிரின்டர் வயர்.

“உள்ளதைத்தான் சொன்னேன்” என்றது மேஜைமேல் இருந்த புது லேப்டாப்.

இது நடந்தது அந்தக் காலத்தில், வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்தபோது. குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் கூப்பிட்டுச் சொல்லும். மிக்ஸி மூடியைச் சரியாக அழுத்தவில்லையென்றால் “இன்னும் கொஞ்சம்” என்னும். வயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையில் எடுத்ததுமே “நான் கேமராவோடது”, “நான் பழைய போன் சார்ஜர், அந்த மேல் பிளக் பாயின்ட் வேண்டாம், அது லூஸ்” என்று தாமாகவே சொல்லிவிடும். எந்த வீட்டிலும் யாரும் ஒரு வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்ததில்லை.

ஆனால் அந்தப் பேச்சு சும்மா கிடைத்ததல்ல. வீட்டுக்காரி ஒரு சொல் சொன்னால் சாமான்கள் மீறக் கூடாது. சொன்னவளே நினைத்தாலும் பிறகு மாற்ற முடியாது. அதுதான் ஒப்பந்தம். மகள் மிருதுளா தினமும் ஸ்கூல் பஸ்ஸை விடுகிறாளே என்ற கடுப்பில் பிரபாவதி ஒரு நாள் சுவர்க் கடிகாரத்திடம், “பத்து நிமிஷம் முந்தி ஓடித் தொலை” என்றாள். பிறகு பஸ்ஸும் நின்றது, பள்ளியும் முடிந்தது. “போதும், இனிமே ஒழுங்கா ஓடு” என்று அவளே போய்ச் சொன்னாள்.

“சொன்னது சொன்னதுதாம்மா” என்றது கடிகாரம்.

அவள் கணவர் நாகராஜன் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருகி வைத்தார். சாயங்காலத்துக்குள் அது பழையபடி பத்து நிமிஷம் முன்னால் போய் நின்றுகொண்டது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அந்த வீட்டில் அதுவரை ஒரு பழைய லேப்டாப் இருந்தது. குண்டு. தூக்கினால் தோள் வலிக்கும். ஆனால் மூன்று பக்கமும் வாசல். யார் வந்தாலும், “வாப்பா, உட்காரு” என்று இடம் கொடுக்கும். பிரின்டர் வயர் ஒரு பக்கம், இன்டர்நெட் வயர் ஒரு பக்கம், நீலத் தலையும் இரண்டு திருகாணியுமாக புரொஜெக்டர் வயர் பின்பக்கம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நாகராஜனுக்குத்தான் பொறுக்கவில்லை. போன வாரம் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, சப்பாத்தி கனத்தில் ஒரு புதியதை வாங்கிக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு ஒல்லி பாரு பிரபா!”

“ஒல்லியா இருந்து என்ன பண்ணப் போறா, ஃபேஷன் ஷோவா? வாசலே காணோமே!”

“இருக்கே. ரெண்டு இருக்கு” என்றது புது லேப்டாப், நாசூக்காக. “ரெண்டும் சின்னது. குண்டுத் தலையெல்லாம் நான் உள்ளே விடறதில்லை.”

இரண்டில் ஒன்று சார்ஜருக்குப் போயிற்று. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அதில் பழைய ஆட்கள் நுழைவதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு கன்வெர்ட்டர். அதன் பேச்சோ கல்யாணத் தரகர் பேச்சு. “நான் இல்லாட்டி உங்க யாருக்கும் அந்த வீட்டுப் படி ஏற முடியாது, தெரியுமில்ல? ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் இடம். தள்ளாதீங்க, வரிசையில நில்லுங்க” என்று ஒரு வாரமாக எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் வீட்டில் சண்டை.

சண்டை தினமும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு மிருதுளாவின் படம் போக வேண்டிய நாள்.

பிளஸ் டூ முடித்திருந்த மிருதுளாவுக்கு சினிமா எடிட்டிங் படிக்க வேண்டும். கல்லூரியில், தானே எடுத்த ஒரு சின்னப் படத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்று நாலு மணிக்குள் அனுப்பினால் உண்டு. இல்லையென்றால் பெரியப்பா கைகாட்டிய பி.காம். லீவு பூராவும் யாருக்கும் காட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைச் செய்திருந்தாள். பழைய லேப்டாப் போகிறதே என்று நாகராஜன் அதிலிருந்த எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தார். கறுப்பு சோப்பு டப்பா மாதிரி இருக்கும். அதற்கு மட்டும் தனியாக வாய் கிடையாது. தன் வயரைச் செருகினால்தான் பேசும். அந்த வயரின் நுனியும் ஊரில் இல்லாத நுனி, தட்டையாக, பல் விழுந்த வாய் மாதிரி. வேறு எந்த வயரும் அதற்குள் போகாது.

“வயர் எங்கேங்க?” என்றாள் பிரபாவதி.

“இங்கேதான் வச்சேன்.”

“இங்கேன்னா?”

“ஒரு பத்திரமான இடத்துல.”

“கிழிஞ்சது போங்க.”

கல்யாணம் ஆனதிலிருந்து நாகராஜன் பத்திரமாக வைத்த எதையும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை. கேஸ் புத்தகம் ஒன்று அப்படிப் போய்விட்டது. அவருடைய கல்யாண மோதிரமும் அப்படித்தான் போயிற்று.

ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில்தான் வீட்டு வயர்கள் எல்லாம் இருந்தன. பிரபாவதி அதைச் சாப்பாட்டு மேஜையில் தலைகீழாகக் கொட்டினாள். விழுந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துவிட்டார்கள். பிரின்டர் வயர் தன் இருபது வருஷத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தது.

“எல்லாரும் கேளுங்க. ஹார்ட் டிஸ்க் வயர் யாரு? எங்கே?” என்றாள் மிருதுளா.

“அது கிடக்கட்டும் பாப்பா” என்றது புரொஜெக்டர் வயர். “எனக்கு ஒரு வழி சொல்லு. இந்த ரெண்டு திருகாணியை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்? உன் முதல் பிறந்தநாள் போட்டோவைச் சுவத்துல காட்டினது யாரு, இந்த ஒல்லிக்குச்சியா?”

“என்னைக் கேட்டா, இவர் தலையை வாசல்ல இல்ல, கோபுரத்துலதான் செருகணும்” என்றது பென் டிரைவ்.

“நீ பேசாதே! உன்னை ஒரு தடவையில யாராவது சரியாச் செருகியிருக்காங்களா?”

“வரிசை, வரிசை” என்றது கன்வெர்ட்டர்.

“யாரா இருந்தாலும் முதல்ல தூசியைத் தட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றது லேப்டாப்.

பிரபாவதிக்கு ஒரு பக்கம் அடுப்பில் எண்ணெய் காய்கிறது. குக்கர், “அம்மா, நான் அடிக்கப் போறேன், அடிக்கப் போறேன்” என்கிறது. வாசல் மணி, “கூரியர், கூரியர்” என்று கூவுகிறது. “மணி மூணரைம்மா” என்கிறது கடிகாரம். நாகராஜன் அலமாரிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, “இங்கேதானே வச்சேன், இங்கேதானே வச்சேன்” என்கிறார்.

இத்தனை சத்தத்துக்கும் அடியில் எங்கிருந்தோ ஒரு மெல்லிய குரல் வந்துகொண்டிருந்தது.

“அம்மா... அம்மா... நான் இங்கே இருக்கேன்...”

மிருதுளா தலையைச் சாய்த்தாள். “அம்மா, ஒரு நிமிஷம் இரு. யாரோ கூப்பிடறாங்க.”

“யார்தான் கூப்பிடலை! எல்லாரும்தான் கூப்பிடறாங்க!”

“இல்லம்மா, இது வேற குரல்...”

“இருபது வருஷமா இந்த வீட்டுக்கு...” என்று தொடங்கியது பிரின்டர் வயர்.

பிரபாவதி கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சிஸ்டர்கள் மர ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள். ஐம்பது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். இத்தனை வயதுக்குப் பிறகும் எரிச்சல் தலைக்கேறினால் அவள் வாயில் வருவது அந்த வார்த்தைதான். கையிலிருந்த ஜல்லிக் கரண்டியால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“சைலன்ஸ்! இனிமே இந்த வீட்டுல ஒரு சாமான் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக் கூடாது!”

“அம்மா, நான் இங்கே இருக்கேன், இந்த...” என்ற மெல்லிய குரல் பாதியில் நின்றது.

எல்லாம் நின்றது. பிரின்டர் வயர் மேஜையில் சுருண்டபடி கிடந்தது. குக்கர் சொல்லாமல் கொள்ளாமல் விசிலடித்தது. வாசல் மணி வெறுமனே டிங் டாங் என்றது. ஃபிரிட்ஜ் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே முனகியது.

“அப்பாடா” என்றாள் பிரபாவதி. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “இப்போ சொல்லு, யாரு கூப்பிட்டதுன்னே?”

மிருதுளா அவளைப் பார்த்தாள். “அதுதாம்மா அந்த வயர்.”

“எது?”

“இப்போ நீ வாயை அடைச்சியே, அது. எங்கே இருக்குன்னு சொல்ல வந்துச்சு.”

பிரபாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி, சரி. நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். பேசு. எல்லாரும் பேசலாம். பேசுங்கப்பா!” என்றாள். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது டிக் டிக் என்றது. அது அதன் வேலை, பேச்சல்ல.

பிறகு தேடினார்கள். சோபாவைப் புரட்டினார்கள். அரிசி டிரம்மில் கையை விட்டுத் துழாவினார்கள். குளிர்காலத்துக்கென்று மடித்து வைத்த கம்பளிகளை உதறினார்கள். ஒரு குளிர்காலமும் வராத ஊரில் அத்தனை கம்பளி எதற்கு என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. மேஜையில் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து டிஸ்க்கில் வைத்துப் பார்த்தாள் பிரபாவதி. கொஞ்ச நேரம் முன்புவரை தாமாகவே பேர் சொன்னவர்கள். இப்போது எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. எது யாருடையது என்றே தெரியவில்லை.

நாகராஜன் லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி இறங்கி ஓடி, முனையிலிருந்த செல்போன் கடையில் ஒரு வயர் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அந்தத் தட்டை நுனி சரியாகப் போயிற்று. மறுநுனி கன்வெர்ட்டருக்குள் போயிற்று. கன்வெர்ட்டர் லேப்டாப்புக்குள் போயிற்று. டிஸ்க்கில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

“எரியுது! எரியுது!” என்றார் நாகராஜன்.

விளக்கு எரிந்ததோடு சரி. திரையில் ஒன்றும் வரவில்லை. சார்ஜ் மட்டும் போகிற வயரா, கன்வெர்ட்டர் மட்டமா, லேப்டாப்தான் வீம்பு பிடிக்கிறதா? நேற்றென்றால் அவர்களே ஒருவரை ஒருவர் போட்டுக்கொடுத்திருப்பார்கள். திருப்பிச் செருகினார்கள். பிடுங்கிச் செருகினார்கள். ஊதிச் செருகினார்கள்.

கடிகாரத்தில் நாலு ஆயிற்று. பிரபாவதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா. அது முந்தி ஓடறது” என்றாள் மிருதுளா.

நாகராஜன் வயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். மிருதுளா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷமும் போயிற்று. அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

“அடுத்த வருஷம் அனுப்பலாம்டி. இந்தப் படம் இல்லாட்டி என்ன? இன்னொண்ணு எடு. இதைவிட நல்லாவே எடுப்பே” என்றாள் பிரபாவதி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

“இன்னொண்ணு எடுக்க முடியாதும்மா.”

“ஏன் முடியாது? அப்படி என்னடி படம் அது?”

“நீதான்” என்றாள் மிருதுளா. “நீயும் இவங்களும். நீ காலையில சட்னி அரைக்கும்போது மிக்ஸியோட சண்டை போடறது. பிரின்டர் வயரு தன் இருபது வருஷப் பெருமையைச் சொல்றது, நீ அதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழிக்கிறது. கடிகாரம் ‘சொன்னது சொன்னதுதாம்மா’ங்கறது. படம் பூரா ஒரே பேச்சு. இப்போ யாரு பேசுவா, நான் எடுக்கறதுக்கு?”

பிரபாவதி எழுந்தாள். சோப்பு டப்பா மாதிரி இருந்த அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். அத்தனை பேர் குரலும் அதற்குள்தான் இருந்தது.

மேஜையில் கிடந்த வயர்களை ஒன்றையும் விடாமல் பொறுக்கித் தாம்பூலப் பையில் போட்டாள்.

“எதோட வயருன்னே தெரியலை. பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாமே” என்றார் நாகராஜன்.

“தொட்டீங்கன்னா தெரியும் சேதி. பேச்சு நின்னுதான் போச்சு, அதுக்காகத் தூக்கிப் போட்டுடறதா? இதுல ஒருத்தன் நமக்கு வேண்டியவனா இருந்தா?”

அன்று மூடிய வாயை அந்தச் சாமான்கள் இன்னும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நின்ற பேச்சு, சுவருக்குச் சுவர் பரவி எல்லா வீட்டிலும் நின்றது. அன்று முதல்தான் வீட்டுக்கு ஒரு பை நிறைய யாருக்கும் எதற்கென்று தெரியாத வயர்கள் சேர்கின்றன, யாரும் அதைத் தூக்கிப் போடத் துணிவதில்லை, புது லேப்டாப் வருகிற ஒவ்வொரு தடவையும் வேண்டிய வயர் மட்டும் கிடைப்பதில்லை, யாராவது ஒருத்தி மேஜையில் பையைக் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பதில் வராது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: “இனிமே திட்ட மாட்டேன், சத்தியமா. ‘நான்தாம்மா’ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்களேன்.”