எலுமிச்சம்பழம் நுழையும் ஓட்டை

வேப்பங்காட்டுப்பாளையத்தில் அங்கப்பன், வெள்ளியங்கிரி, மயில்சாமி என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார், ஒரே ஒரு தங்கை. தங்கை தெய்வானைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் வீட்டார் தங்கள் காரில் அழைத்து வரவேண்டும். காரின் இடது கதவிலோ துருப்பிடித்து ஓர் ஓட்டை.

"ஊர்வலத்துல இதைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சாலும் நான் மணவறைக்கு வரமாட்டேன்" என்று தெய்வானை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

புதுக் கதவு வாங்க வசதியில்லை. அண்ணன்மார் மூவரும் கார்த் தகடு சரிசெய்யும் டிங்கர் கடை சூசையிடம் போனார்கள்.

"ஓட்டை எத்தனை பெரிசுங்க?" என்று கேட்டார் சூசை.

மூவரும் வீட்டுக்குத் திரும்பி வந்து ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். பிறகு மறுபடியும் கடைக்குப் போனார்கள்.

"எலுமிச்சம்பழம் நுழையுதுங்க" என்றார் அங்கப்பன். "ஆனா திரும்பி வரலீங்க."

"அது கிடக்கட்டும். முதல்ல துருவைச் சுரண்டுங்க. வெள்ளைத் தகடு தெரியற வரைக்கும் விடாதீங்க. அப்புறம் உள்பக்கம் கம்பி வலையை வெச்சு, மேல இந்தப் பட்டிப் பசையைப் பூசுங்க. காஞ்சதும் உப்புத்தாளால தேய்ங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினா ஓட்டை இருந்த இடமே கைக்குத் தெரியக் கூடாது. தெரியலைன்னா வேலை முடிஞ்சது" என்று சொல்லி, ஒரு டப்பா பட்டியைக் கொடுத்தனுப்பினார் சூசை.

மயில்சாமி சுரண்ட ஆரம்பித்தார். சரியாக ஓட்டை இருந்த இடத்திலேயே சுரண்டினார்.

"எவ்வளவு சுரண்டினாலும் தகடு தெரிய மாட்டேங்குதுண்ணா."

"விடாம சுரண்டு. விடக் கூடாதுன்னுதானே சொன்னாரு" என்றார் அங்கப்பன்.

மதியம் தேங்காய் நுழைந்தது. சாயங்காலம் பூசணிக்காய் நுழைந்து, மறுபக்கம் சீட்டில் போய் உட்கார்ந்தது. பழைய எலுமிச்சம்பழமும் கிடைத்துவிட்டது.

"நல்ல முன்னேற்றம்தான். காலையில போனது திரும்பி வரலை. இப்ப எல்லாமே வந்துருச்சு" என்றார் வெள்ளியங்கிரி.

கோழிக்கூண்டின் வலையைக் கழற்றி உள்ளே கட்டினார்கள். பட்டி மிச்சமானால் வீணாகிவிடுமே என்று டப்பா முழுவதையும் ஒரே இடத்தில் அப்பினார்கள். காலையில் பார்த்தால், கதவில் பலாப்பழம் காய்த்தது போல் கல்லாய் இறுகிய ஒரு கட்டி நின்றது.

"தேய்க்கறதுக்கு முன்னால தடவிப் பார்த்திருவோம். உப்புத்தாளாவது மிச்சமாகும்" என்ற அங்கப்பன், கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "தெரியுதேடா."

"இடம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அதனாலதாண்ணா தெரியுது" என்றார் மயில்சாமி.

இதில் நியாயம் இருந்தது. அண்ணனுக்கு இடம் மறக்கும்வரை இருவரும் அவரைப் பிடித்துச் சுற்றிவிட்டார்கள். அவர் தள்ளாடிப் போய், பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியை மேலும் கீழும் தடவினார்.

"ஒண்ணுமே தட்டுப்படலை" என்றார்.

"அப்ப வேலை முடிஞ்சது" என்றார்கள் தம்பிகள்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை கனகராசு, கழுத்தில் மாலையும் கையில் எலுமிச்சம்பழமுமாக வந்து கதவைப் பார்த்தார்.

"என்னங்க மச்சான் இது?"

"ஓட்டையை அடைச்சிருக்கோம், மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

கனகராசு மரியாதை தெரிந்தவர். கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன்மார் முறைப்படி அவரைச் சுற்றிவிட்டார்கள். அவர் கை, பக்கத்தில் நின்ற தாய்மாமனின் வழுக்கைத் தலையில் போய் இறங்கியது.

"வழவழன்னு இருக்குதுங்க மச்சான்" என்றார்.

மாப்பிள்ளையே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? ஊர்வலம் முடியும்வரை எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று அங்கப்பன் கேட்டுக்கொண்டார். மேளக்காரர்கள் மூடினார்கள். தட்டு ஏந்திய பெண்கள் மூடினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. தங்கையின் மானம் பெரிதல்லவா? கார் ஓட்டிய வெள்ளியங்கிரியும் மூடிக்கொண்டார்.

கார் மெதுவாகத்தான் போனது. மெதுவாகவே போய் மண்டபத்துச் சுவரில் முட்டியது. கதவிலிருந்த கட்டி மொத்தமாகக் கழன்று கீழே உருண்டது. சுவரில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது.

சத்தம் கேட்டு மணப்பெண் வாசலுக்கு ஓடிவந்தாள். கண்ணை மூடிய ஊர்வலமும், கண்ணை மூடிய மாப்பிள்ளையும், கண்ணை மூடியபடியே ஹாரன் அடிக்கும் அண்ணனும் அவள் கண்ணில் பட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன்மார் கண்ணைத் திறந்தார்கள். மூவர் முகமும் வாடிவிட்டது.

"சிரிச்சிட்டியேம்மா" என்றார் அங்கப்பன். "ஒருத்தர் சிரிச்சாலும் மணவறைக்கு வரமாட்டேன்னு சொன்னியே."

"அட அண்ணா, அது வேற. நான் வர்றேன்."

"சொன்ன சொல்லை மாத்தக் கூடாது. நீ இங்கேயே நில்லு. மணவறையை உன்கிட்டக் கொண்டு வர்றோம்."

"வாசக்கதவு வழியா மணவறை வராதேண்ணா" என்றார் வெள்ளியங்கிரி.

மூவரும் யோசித்தார்கள். மயில்சாமி மாப்பிள்ளையின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, சுவரில் செங்கல் விழுந்த இடத்துக்குப் போனார்.

"எலுமிச்சம்பழம் நுழையுதுண்ணா" என்று குரல் கொடுத்தார்.

"அப்பச் சரி" என்றார் அங்கப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "மணவறை நுழையற வரைக்கும் சுரண்டு."