விரலுக்குப் பின்னால் இருக்கிற கம்பி

எபனேசர் என்று பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் வாசித்ததைக் கேட்காத காது குறைவு. சினிமாப் பாட்டில் பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கிடார் வந்து நம்மை உட்கார வைக்குமே, அப்படிப்பட்ட பல பாட்டுகளில் அது அவர் கைதான்.

அந்தக் கையைப் பக்கவாதம் பிடித்தது. பேச்சு திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வரமாட்டோம் என்று முரண்டு பிடித்தன. கம்பியை மீட்டுகிற பிக்கை இரண்டுக்கும் நடுவில் வைத்தால் தரையில்தான் போய் விழுந்தது.

கிடாரில் இடது கை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கம்பியைப் பிடித்தாலும், வலது கை வந்து மீட்டினால்தான் சத்தம். எபனேசரின் இடது கை மாதக்கணக்காகக் காத்திருந்தது. அவரோ வீட்டில் பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

யாரோ சொன்னார்கள் என்று கோயம்புத்தூருக்கு வந்தார். லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஒரு சந்தில், பம்ப் மோட்டார் கடைக்கு அடுத்த ஷெட் சாந்தாமணியுடையது. அப்பா விட்டுப்போன லேத்தில் அச்சுக் கடைந்துகொண்டிருந்தவர், இப்போது டச் கிடார் செய்கிறார். அதை மீட்ட வேண்டியதில்லை, இரண்டு கையாலும் தொட்டாலே போதும் என்றார்கள். எபனேசர் நம்பவில்லை. நம்பாமலே ரயில் ஏறிவிட்டார்.

"இந்தக் கையால மறுபடியும் வாசிக்க முடியுமாம்மா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

சாந்தாமணி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து ஒரு கிடாரை எடுத்து அவர் தோளில் மாட்டி, அதன் ஒயரை ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகினார். பத்துக் கம்பி. அகலமான கழுத்து. படுக்கையாகக் கிடக்காமல் மார்போடு நெட்டுக்குத்தாக நின்றது.

"தொடுங்ணா."

இடது கை கம்பியை அழுத்தியது. வலது கை பழக்கதோஷத்தில், மீட்டுகிற இடத்துக்குப் போய்த் தொங்கியது.

"அங்க அதுக்கு வேலை இல்லீங்ணா. மேல கொண்டாங்க."

"கொண்டு வந்து?"

"தொடுங்க. அவ்வளவுதான்."

வலது கையின் நடுவிரல் உயர்ந்து, கம்பியின் மேல் இறங்கியது. பாவம், அதற்கு வலுவே இல்லை. ஈ உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது.

ஷெட் முழுக்க ஒரு ஸ்வரம் எழுந்து நின்றது.

எபனேசர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். வேறு யாராவது வாசித்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் மீட்டவே இல்லையே."

"ஆமாங்க."

"சும்மா தொட்டேன்."

"ஆமாங்க."

மறுபடியும் தொட்டார். மறுபடியும் வந்தது. நாற்பது வருடமாகக் கிடாரோடு குடித்தனம் நடத்தியவர் அவர். கம்பிக்குள் இப்படி ஒன்று இத்தனை நாளும் இருந்தது அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. வாசிக்கவும் நீங்களே சொல்லிக் குடுங்க."

"எங்கப்பாவுக்குத் தம்பி மாதிரி இருந்துட்டு என்னைப் போய் மாஸ்டர்ங்கறீங்க" என்று சாந்தாமணி சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கிடார் கேட்டு வருகிறவர்களின் விரல்களில் சாக்பீஸ் தூளைத் தடவி, கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு பலகையைத் தொடச் சொல்வார். அங்கே விழுகிற தடத்தைப் பார்த்துத்தான் கம்பி எவ்வளவு உயரம், கழுத்து எவ்வளவு கனம் என்று முடிவு செய்வார்.

எபனேசர் இரண்டு கையையும் வைத்து எடுத்தார். இடது கைத் தடங்கள் தோசை மாதிரி அகலமாக அப்பிக் கிடந்தன. வலது கைத் தடங்கள் வெறும் புள்ளிகள்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர், இந்தக் கை இவ்வளவுதான்."

சாந்தாமணி புள்ளிகளுக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கைக்குத்தான் செய்யப் போறனுங்க."

"இடது கை?"

"அது இதைப் பாத்துக் கத்துக்கட்டும்."

எபனேசர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர்கள் முதல் வீட்டில் இருப்பவர்கள் வரை எல்லோரும் பரிதாபப்பட்ட கை அது.

பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார். பலா மரத்தில் உடம்பு, ஈட்டி மரத்தில் கழுத்து என்று அவர் கண்ணெதிரே கிடார் உருவானது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளைச் சாந்தாமணி ஒரு மயிரிழை மேடுபள்ளம் இல்லாமல் தேய்த்தார். கம்பிகள் அவற்றின் மேல் படுவதும் படாததுமாக நின்றன. காலையில் அவர் தேய்ப்பார், மாலையில் எபனேசர் சுவரில் தொங்கிய கிடாரை எடுத்துப் பழகுவார். இடது கை அழுத்தி அழுத்திச் சுருதியைக் கெடுக்கும். வலது கை மெல்லத் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

கிடார் முடிந்து கைக்கு வந்த நாள் முதல் அவருக்கு ஒரே ஒரு ஆசை. அவருக்குச் சோறு போட்ட அந்தப் பழைய பாட்டின் முன்னிசையை வாசித்துவிட வேண்டும். அது வந்துவிட்டால் தான் பிழைத்துக்கொண்டதாக அர்த்தம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

வரவில்லை. ஸ்வரங்கள் எல்லாம் சரியாக விழுந்தன. ஆனால் பழைய கிடாரில் விரலை எடுத்த பிறகும் கம்பி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அந்த ரீங்காரம்தான் அந்த இசையின் உயிர். இதில் விரலை எடுத்தால் மறு நொடி அமைதி.

குற்றவாளி யார் என்று தேடினார். கழுத்தின் உச்சியில், கம்பிகளோடு ஒட்டி ஒரு ஃபெல்ட் பட்டை இருந்தது. ஹார்மோனியத்துக்குள் இருக்குமே, அந்த மாதிரித் துணி. ஓ, இதுதான் கழுத்தை நெரிக்கிறதா என்று நினைத்தார். கிடார்காரருக்குத்தான் இந்த யோசனை வரும்.

சாந்தாமணி மரம் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அதை உருவி எடுத்துவிட்டு வாசித்தார்.

ஒரு ஸ்வரம் தொட்டால் இரண்டு கேட்டது. தொட்டது ஒன்று; தொடாத இன்னொன்று, கீச்சென்று, அபஸ்வரமாக, எங்கிருந்தோ. விரலை எடுத்தால், எதுவும் தொடாத மொட்டைக் கம்பி ஓலமிட்டது. அதை அடக்க இன்னொன்றைத் தொட்டால் அதற்கும் ஒரு நிழல் கூடவே எழுந்தது. ஃப்ரெட் தளர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். கம்பிகள் கீழே போய் முடிகிற பிரிட்ஜைத் திருகினார். கடைசியில் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். கடவுள் இரண்டாவது தரம் கொடுத்ததையும் கெடுத்துக்கொண்டோம் என்று பயம்.

சாந்தாமணி வந்தார். பெஞ்சின் மேல் கிடந்த ஃபெல்ட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஆம்பை அணைத்தார்.

"ஒரு கம்பியைத் தொட்டுட்டு அப்படியே வெச்சிருங்ணா."

தொட்டார். சாந்தாமணி, விரலுக்குக் கீழே பிரிட்ஜ் வரை போகிற கம்பியை உள்ளங்கையால் பொத்தினார்.

"இப்போ காதை வெச்சுக் கேளுங்க."

எபனேசர் குனிந்தார். சின்னதாக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எங்கிருந்து வருது இது?"

"உங்க விரலுக்குப் பின்னாடி இருந்துங்க."

எபனேசர் இன்னும் கிட்டே குனிந்தார்.

"தொட்டா கம்பி ரெண்டு பக்கமும் பேசுமுங்க. மீட்டறப்போ நீங்க முன்பக்கத்துலதான் மீட்டுவீங்க, பின்பக்கம் பெருசா வாய் தொறக்காது. தொட்டா விடாது."

எபனேசர் காதை எடுக்கவில்லை. அந்தச் சின்னச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"படுத்த நாள்லேருந்து எனக்குள்ள இதுதான் மாஸ்டர் கேட்டுக்கிட்டே இருக்கு. எதைத் தொட்டாலும் பின்னாடி ஒருத்தன் பழசை வாசிக்கிறான்."

சாந்தாமணி ஆம்பை மறுபடியும் போட்டார். ஃபெல்ட்டை எடுத்து அவர் வலது கையில் வைத்தார்.

"நீங்களே போடுங்க."

"எவ்வளவு இறுக்கமா?"

"தொட்டுப் பாத்துட்டே போடுங்க."

இறுக்கினார், கம்பி வளைந்து சுருதி போயிற்று. தளர்த்தினார்; நிழல் திரும்ப வந்தது. பக்கத்துப் பட்டறையில் வேலை முடிந்து ஷட்டர் இறங்கும்வரை அதையே செய்தார். கடைசியில் அந்த வலுவில்லாத விரல்கள் ஃபெல்ட்டை எங்கே விட்டனவோ அங்கே அது உட்கார்ந்தது.

அவர் வாசித்தார்.

பழைய முன்னிசையை அல்ல. என்னவென்று அவருக்கே தெரியாது. இடது கை கீழ்ச்சுருதியில் மெல்ல நடக்க ஆரம்பித்தது. வலது கையின் மூன்று விரல்கள் அதன் மேல் ஒன்றை இறக்கின, இன்னொன்றை இறக்கின. இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது, இரண்டு பேரும் அவராகவே இருந்தார். வாழ்நாளெல்லாம் ஒற்றைக் குரலில் வாசித்த மனிதர், தன் பத்துக் கம்பிகளையும் முதல் தடவை சர்ச்சுக்குள் வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பின பக்கத்துப் பட்டறைக்காரர் சாவியோடு வாசலில் நின்றுவிட்டார்.

வாசித்து முடித்ததும் எபனேசர் விரல்களை எடுத்தார். அமைதி வந்தது. இந்தத் தரம் அந்த அமைதி அவரை உறுத்தவில்லை.

கிடாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மாஸ்டர், விரலுக்குப் பின்னால இருக்கிற கம்பி இனிமே சத்தமே போடாதா?"

"போடாதுங்க."

"அப்போ அதுக்கு என்னதான் வேலை?"

சாந்தாமணி ஆம்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"முன்னாடி இருக்கறதைப் புடிச்சுட்டு நிக்கறதுங்ணா."